ஏசி நின்றால் யாருக்குச் சொல்வது? நூற்பாலை சர்வர் அறைக்குக் கண்காணிப்பு அமைத்த பதிவு

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் சர்வர், நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மில் மூன்று ஷிப்ட் ஓடும். கணினிப் பிரிவில் ஆள் இருப்பது பகலில் மட்டும்தான். இரவில் சர்வர் அறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஷிப்ட் எலக்ட்ரீஷியனும் பேக்கிங் மேஸ்திரியும். அந்த அறையில் கோளாறு என்றால் அவர்களுக்கும் எங்களுக்கும் உடனே தெரிய வேண்டும் என்று செய்த ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். ப்ரொமீதியஸ் என்கிற கண்காணிப்பு மென்பொருளை நிறுவுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த எச்சரிக்கை, யாருக்கு, எந்த வழியில், என்ன வாசகத்தில் போக வேண்டும் என்பதில்தான் எங்கள் உழைப்பில் பெரும்பங்கு போனது. அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணினியைத் தொடவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாகப் போய், "கம்ப்யூட்டர் நின்றால் உங்களுக்கு எவ்வளவு நேரத்தில் வேலை நிற்கும்?" என்று கேட்டேன். பேக்கிங்கில் பதில் உடனே வந்தது. நூல் சுற்றிய கோன் பெட்டியை எடை போட்டதும் பார்கோடு லேபிள் அச்சாக வேண்டும். லேபிள் ஒட்டாத பெட்டி குடோனுக்குப் போகாது. அரை மணி நேரம் லேபிள் வராவிட்டால் பெட்டிகள் தளத்தில் அடுக்கிக்கொண்டு டிராலி திரும்ப இடமிருக்காது. பஞ்சு பேல் லாரிகளை எடைபோடும் எடைமேடைக் கணினி பகலில்தான் தேவை. ஈ-வே பில்லும் அப்படியே. வருகைப்பதிவு இயந்திரம் தன் நினைவகத்திலேயே பதிவுகளை வைத்துக்கொள்ளும். சர்வர் ஓர் இரவு இல்லாவிட்டாலும் காலையில் அனுப்பிவிடும். ஆக, இரவில் ஒருவரை எழுப்பத் தகுந்தவை மூன்றுதான்: மின்சாரம், அறைச் சூடு, லேபிள். மற்றவை எல்லாம் காலை எட்டு மணிப் பட்டியலுக்குப் போகலாம். பிறகு வந்த எல்லா முடிவுகளும் இந்தப் பிரிவினையிலிருந்தே கிளைத்தன.

கருவிகளில் ப்ரொமீதியஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கிய திட்டம் அது. 2016இல் குபர்நெட்டிஸ் மென்பொருளுக்கு அடுத்ததாக, திறமூலத் திட்டங்களைப் பேணும் சிஎன்சிஎஃப் அமைப்பில் சேர்ந்தது. நாகியோஸ் என்கிற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் எனக்குப் பழக்கமானது, நல்ல கருவியும்கூட. ஆனால் அதன் அடிப்படைக் கேள்வி "இப்போது சரியா, இல்லையா" என்பது. எனக்கு "எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது" என்று கேட்க வேண்டியிருந்தது. அதற்கு அளவுகளைக் காலவரிசையாகச் சேமித்து வைக்கும் கருவி வேண்டும்.

கண்காணிக்கும் கணினியை மெய்நிகர் கணினிகள் ஓடும் பெரிய சர்வருக்குள் வைக்கவில்லை. எஸ்எஸ்டி போட்ட பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் நிறுவி, ப்ரொமீதியஸ், எச்சரிக்கைகளை அனுப்பும் அலர்ட்மேனேஜர், வரைபடம் காட்டும் கிராஃபானா மூன்றையும் அதில் ஏற்றினேன். அதோடு ராஸ்பெரி பை என்கிற கையளவுக் கணினி ஒன்று. வெப்ப உணரி, எஸ்எம்எஸ் மோடம், ஹூட்டர் மூன்றும் அதன் பொறுப்பு. கணினியின் அளவுகளை ப்ரொமீதியஸுக்கு எடுத்துத் தருபவை எக்ஸ்போர்ட்டர்கள். லினக்ஸ் கணினிகளில் நோட் எக்ஸ்போர்ட்டர், போர்ட் 9100. எடைமேடை, லேபிள் கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்போர்ட்டர், போர்ட் 9182. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கச் சொன்னேன். ஒரு கணினிக்குச் சுமார் ஆயிரம் அளவு வரிசைகள், பத்துக் கணினிகள், நாளைக்கு 2,880 முறை என்றால் இரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம் அளவுகள். அளவு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு பைட் ஆகும். ஒன்றரை என்று வைத்தால் நாளைக்கு ஏறக்குறைய 43 எம்பி, வருடத்துக்குப் பதினாறு ஜிபி. இயல்பாக 15 நாள் தரவுதான் வைத்திருக்கும். அதை ஒரு வருடமாக மாற்றினேன். போன கோடையில் அறை எப்படி இருந்தது என்று பார்க்க முடியாவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

ஈபி போனால் ஏசி திரும்ப வராது

எங்கள் தொல்லையின் வேர் இது. ஈபி போனால் யூபிஎஸ் சர்வர்களைத் தாங்கிக்கொள்ளும், சற்று நேரத்தில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போய்வந்தது சர்வர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஏசி யூபிஎஸ்ஸில் இல்லை. மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கும் வசதி எல்லா ஸ்பிளிட் ஏசியிலும் கிடையாது. இருக்கிற ஏசியிலும் அதை யாராவது நிறுத்தி வைத்திருக்கலாம். ஸ்டெபிலைசர் கோளாறு வேறு. ஆக சர்வர்கள் முழுவேகத்தில் ஓட, ஏசி மட்டும் நின்றுபோயிருக்கும். கதவடைத்த சின்ன அறையில் 24 டிகிரி அரை மணி நேரத்துக்குள் 34, 35 என்று ஏறிவிடும். சர்வர் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது குளிர்சாதனப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு தரும் பரிந்துரை. இரவு இரண்டு மணிக்கு மின்வெட்டு வந்தால், காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போது முகத்தில் அனல் அடிக்கும்.

வெப்ப உணரியாக டிஎஸ்18பி20 என்ற வகையை வாங்கினேன். கம்பியோடு, எஃகு உறை போட்டே கடையில் கிடைக்கிறது. மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ 4 என்கிற இணைப்பு முனையில் தரவுக் கம்பி, அதற்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை. இயக்கியை ஏற்றியதும் உணரிக்கு ஒரு கோப்பு தோன்றும். அதன் இரண்டாம் வரியில் வெப்பநிலை, டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு இருக்கும். 27312 என்றால் 27.3 டிகிரி.

இந்த உணரி வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் கொடுத்தவுடன் அதன் பதிவேட்டில் இருக்கும் தொடக்க மதிப்பு 85 டிகிரி. கம்பி இணைப்பு ஒரு நொடி விட்டுப் பிடித்தாலும் அந்த 85 வாசிப்பாக வந்துவிடும். முதல் வரியில் வரும் சரிபார்ப்பும் "சரி" என்றே சொல்லும், ஏனென்றால் உணரி அனுப்பியது உண்மையிலேயே அந்த எண்தான். இதை வடிகட்டாவிட்டால் நள்ளிரவில் "அறை 85 டிகிரி" என்று ஹூட்டர் அலறும். அதனால் 85 என்று துல்லியமாக வந்தால் அதை விட்டுவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும், முந்தைய வாசிப்பிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் ஒரே தாவாகத் தாவினாலும் மறுபடி வாசிக்க வேண்டும் என்று சிறு பைத்தான் நிரலில் எழுதினேன்.

நிரல் வெப்பநிலையை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றி நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் அடைவுக்குள் வைக்கும். நேராக அங்கேயே எழுதினால் பாதி எழுதிய கோப்பை எக்ஸ்போர்ட்டர் வாசித்துவிடலாம். நிரல் நின்றுபோனால் கடைசி அளவு அப்படியே உறைந்து நிற்கும், வரைபடம் அழகான நேர்கோடாகத் தெரியும். அதனால் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் எக்ஸ்போர்ட்டர் தருவதைப் பயன்படுத்தி, ஐந்து நிமிடத்துக்கு மேல் மாறாவிட்டால் தனி எச்சரிக்கை வைத்தேன்.

உணரி எங்கே தொங்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் மாட்டினால் எப்போதும் குளுகுளுவென்றே காட்டும். ரேக்கின் முன்பக்கம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், சர்வர் காற்றிழுக்கும் இடத்தில் கட்டினோம்.

யூபிஎஸ்ஸோடு பேச நட் என்கிற திறமூல மென்பொருள். யூபிஎஸ்ஸின் நிலையை அது சின்னக் குறிகளாகச் சொல்லும்: ஈபியில் ஓடுகிறது, பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரி தீரப்போகிறது. ஈபி போன உடனே எச்சரிக்கை அனுப்புவதில் பயனில்லை. விளக்கு அணைந்ததை எலக்ட்ரீஷியன் நமக்கு முன்பே பார்த்திருப்பார். மூன்று நிமிடத்துக்கு மேல் பேட்டரியிலேயே ஓடினால்தான் சேதி: "ஜெனரேட்டர் சர்வர் லைனை எடுக்கவில்லை". மில் முழுக்க ஜெனரேட்டரில் ஓடும்போது இந்த ஒரு லைனின் எம்சிபி மட்டும் விழுந்திருப்பது அவர் கண்ணில் படாது. இந்தச் சேதி அவருக்குப் புதிய தகவல்.

வெப்பத்துக்கு மூன்று படிகள். 29ஐத் தாண்டி ஐந்து நிமிடம் நின்றால் டெலிகிராம் சேதி. 33ஐத் தாண்டினால் ஹூட்டர். 40க்குப் போனால் அறிக்கைச் சர்வர், சோதனைச் சர்வர் போன்ற அவசரமில்லாத மெய்நிகர் கணினிகள் தாமாக அணைந்துவிடும். வெப்பத்தின் ஊற்றில் ஒரு பகுதி குறையும், லேபிள் தொடர்ந்து ஓடும். அதோடு இன்னொரு விதியும் எழுதினேன்: கடந்த பத்து நிமிட ஏற்றத்தை நீட்டிப் பார்த்து, அரை மணி நேரத்தில் 33ஐத் தொடும் என்றால் இப்போதே சொல். ப்ரொமீதியஸில் இதற்கென்றே நேர்கோட்டுக் கணிப்புச் சார்பு இருக்கிறது. ஏசி நின்ற சில நிமிடங்களிலேயே, அறை இன்னும் 26இல் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

பஞ்சுத் தூசு

நூற்பாலைக்கே உரிய ஒரு பாடு இது. எவ்வளவுதான் கதவை அடைத்து வைத்தாலும் ஆட்களின் சட்டையிலும் காற்றிலுமாகப் பஞ்சுத் துகள் உள்ளே வந்துவிடும். சர்வரின் முன்பக்க வலையிலும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையிலும் மெல்லிய போர்வையாகப் படியும். அறை 24 டிகிரியிலேயே இருக்கும்; உள்ளே செயலி மட்டும் கொதிக்கும். இதை அறை உணரியைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

செயலி வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து அந்த வித்தியாசத்தைத் தனியாக வரைந்தேன். சுத்தம் செய்த கையோடு அது 28 டிகிரி அளவில் இருந்தது. பிறகு மாதம் போகப் போக மெல்ல ஏறியது. பகலில் அறிக்கைகள் ஓடும்போது செயலி சூடாவது இயல்பு என்பதால் பின்னிரவு நேரத்துச் சராசரியை மட்டும் ஒப்பிட்டேன். வித்தியாசம் சுத்தம் செய்த நாளின் அளவைவிட ஆறு டிகிரி கூடினால் காலைப் பட்டியலில் ஒரு வரி வரும்: "பெரிய சர்வர் வலையைச் சுத்தம் செய்யவும்." யாரையும் எழுப்பாது. இதற்கு முன் தேதி வைத்துச் சுத்தம் செய்துவந்தோம். இப்போது எது அடைத்திருக்கிறதோ அதை, அடைத்தபோது சுத்தம் செய்கிறோம். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம் பக்கம் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கு அடிக்கடி தேவைப்படுகிறது, அலுவலகப் பக்கம் அரிதாகத்தான்.

டிஸ்க் பற்றிச் சுருக்கமாக

"டிஸ்க் 90 சதவீதம் நிறைந்தது" என்ற விதி வைக்கவில்லை. சிசிடிவி டிஸ்க் எப்போதும் 95இல்தான் இருக்கும், பழையதை அழித்துப் புதியதை எழுதும். இப்போதைய வேகத்தில் நான்கு நாளில் நிறைந்துவிடும் என்றால் சொல் என்று கணிப்பு விதியே இங்கும். அதோடு ஐநோடு எண்ணிக்கையையும், அதாவது டிஸ்க்கில் கோப்பு ஒன்றுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு இடங்களையும், சேர்த்துக் கண்காணிக்க வேண்டும். லேபிள் மென்பொருள் ஒவ்வோர் அச்சுக்கும் குட்டிக் கோப்பு ஒன்றை விட்டுச்செல்வது எங்களிடம் இருந்தது. பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே ஐநோடு தீர்ந்து "இடமில்லை" என்று பிழை வரும், காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை போட்டுப் பார்ப்பவர் குழம்பிப்போவார்.

டிஸ்க்கின் உடல்நலத்துக்கு, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அளவுகளில் 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்தை மட்டும் பார்க்கிறேன். ஏராளமான ஹார்ட் டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் பழுதை முன்னறிவதற்கு நம்புவதாகச் சொன்னவை இவைதான். 197, அதாவது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், பூஜ்யத்திலிருந்து நகர்ந்தாலே காலைப் பட்டியலில் வந்துவிடும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் ரெய்டு இணையில் ஒரு டிஸ்க் இதைக் காட்டியதும் மாற்று டிஸ்க் வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக மாற்றினோம்.

பேக்கப்புக்கு: நிரல் வெற்றி என்று சொன்னதா என்று கேட்பதில்லை. கடைசிப் பேக்கப் கோப்பின் வயது 26 மணி நேரத்தைத் தாண்டியதா, அளவு முந்தைய நாளில் எண்பது சதவீதத்துக்குக் கீழே போனதா, இரண்டே கேள்விகள்.

சேதி போய்ச் சேர்வது

தொடக்கத்தில் எல்லாச் சேதியையும் ஒரே டெலிகிராம் குழுவுக்கு அனுப்பிப் பார்த்தோம். இரவு ஷிப்ட் எலக்ட்ரீஷியன் அண்ணன் காலையில் வந்து சொன்னார்: "தம்பி, மெசேஜ் வந்துச்சு. ஆனா நான் ரிங் பிரேம் பக்கம் நின்னேன். போன் அடிச்சா எங்க கேக்கும்? ரூமுக்கு வந்து பாத்தாலும் அதுல நான் என்ன செய்யணும்னு இல்லையே."

இரண்டுமே நியாயம். நூல் நூற்கும் ரிங் பிரேம் தளத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, சட்டைப்பையிலிருக்கும் போன் எப்படிக் கேட்கும்? மில்லில் இயந்திரங்களே விளக்கு போட்டுத்தான் ஆளைக் கூப்பிடும். எனவே நாங்களும் விளக்குக்குப் போனோம். எலக்ட்ரிகல் அறையிலும் பேக்கிங் மேஸ்திரி கேபினுக்கு மேலும் சுழலும் சிவப்பு விளக்கும் ஹூட்டரும் பொருத்தினார்கள். மின்சுற்றை முழுக்க எலக்ட்ரிகல் பிரிவே செய்தது, 24 வோல்ட் டிசியில். ராஸ்பெரி பையிலிருந்து ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், மட்டும் எங்கள் பங்கு.

ரிலேயை எந்தப் பக்கம் இணைப்பது என்பதை உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். நலமாக இருக்கும்போது ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும். கோளாறு என்றால் ராஸ்பெரி பை ரிலேயை விட்டுவிடும், விளக்கு எரியும். இப்படி வைத்ததால் பை செத்தாலும், கம்பியை எலி கடித்தாலும், நிரல் நின்றாலும் விளக்கு எரிந்துவிடும். எதிர்ப்பக்கமாக இணைத்திருந்தால் இவை எதுவுமே வெளியே தெரியாது. மின்பாதுகாப்புச் சுற்றுகளில் இது பழைய வழக்கம் என்று எலக்ட்ரிகல் ஃபோர்மேன்தான் எடுத்துச் சொன்னார்.

விளக்குக்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் ஹூட்டர் நிற்கும். விளக்கு, கோளாறு தீரும்வரை எரியும். பொத்தான் அழுத்திய நேரம் ப்ரொமீதியஸுக்கும் போகும். பத்து நிமிடமாக யாரும் அழுத்தவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். அப்போது மோடம் எங்கள் வீட்டுப் போன்களுக்கு வரிசையாக அழைக்கும். பேச்சு வராது, மணி மட்டும் அடிக்கும். அந்த எண்ணைப் போனில் தனி மணியோசையோடு பதிந்து, தொந்தரவு செய்யாதே நிலையிலும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறோம். அலர்ட்மேனேஜரில் இப்படிப் படிப்படியாக மேலே ஏற்றும் வசதி நேரடியாக இல்லை. "சூடு 33க்கு மேல், பொத்தான் அழுத்தப்படவில்லை, பத்து நிமிடம்" என்று ப்ரொமீதியஸிலேயே தனி விதி எழுதினால் வேலை முடிகிறது.

அலர்ட்மேனேஜரிலிருந்து ரிலேக்கு வருவது வெப்ஹுக் வழியாக. கோளாறு தொடங்கும்போதும் தீரும்போதும் அது ராஸ்பெரி பைக்கு ஒரு சேதி அனுப்பும். நூறு வரிக்குள் அடங்கும் பைத்தான் நிரல் அதை வாங்கி ரிலேயை இயக்குகிறது.

எஸ்எம்எஸ்ஸுக்கு முதலில் இணைய வழிச் சேவைகளைப் பார்த்தேன். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்கள் டிஎல்டி என்கிற பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். நாங்களோ வாசகத்தை அடிக்கடி திருத்திக்கொண்டிருந்தோம். தவிர, இணையம் போனதைச் சொல்ல இணையத்தையே நம்புவது பொருந்தாது. ஒரு யூஎஸ்பி மோடமும் சிம்மும், எஸ்எம்எஸ் அனுப்பும் கம்மு மென்பொருளும் போதுமாக இருந்தன. பழைய மோடம் என்றால் 2ஜி சேவை இன்னும் தரும் நிறுவனத்தின் சிம் வேண்டும். சிம்மின் ரீசார்ஜ் முடியும் தேதியையும் ஓர் அளவாகப் பதிந்துவிட்டேன். ஒரு வாரம் முன்பே காலைப் பட்டியலில் வந்துவிடும்.

பிறகு வாசகம். ஆரம்பத்தில் போனவை கருவியோடு வரும் ஆங்கில வாசகங்கள்: கணினிப் பெயர், போர்ட் எண், தசமத்துக்குப் பின் பத்து இலக்கம். எலக்ட்ரீஷியனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் தமிழில் திருப்பி எழுதினேன். எந்த இடம், எவ்வளவு, என்ன செய்ய வேண்டும், இந்த வரிசையில். எழுதியதை வேலை செய்பவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தினேன். "வெப்பநிலை" என்று எழுதியதை அவர்கள் "சூடு" என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸில் ஒரு கணக்கு உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த எழுபதும் நாம் கண்ணால் எண்ணும் எழுத்துகள் கிடையாது. "க்" என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு, "சூ" இரண்டு. "சர்வர் ரூம் சூடு 33. ஏசி பார்க்கவும்" என்பதே 36 ஆகிறது. எழுபதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், துண்டு ஒன்றுக்கு 67தான் கொள்ளும். பழைய பொத்தான் போன்களில் துண்டுகள் முன்பின்னாக வருவதும் உண்டு. ஆகவே எஸ்எம்எஸ் வாசகம் எல்லாவற்றையும் எழுபதுக்குள் அடக்கினேன். விரிவான விவரம் டெலிகிராமில் போகும். சுருக்கி எழுத வேண்டிய கட்டாயம் வாசகங்களை நன்றாகவே செதுக்கிவிட்டது. "எம்சிபி 7 பார்க்கவும்" என்றால் ஆள் நேராக அந்தப் பெட்டிக்குப் போகிறார். பெட்டியிலும் 7 என்று பெரிதாக எழுதி ஒட்டினோம்.

அலர்ட்மேனேஜரில் ஒவ்வொரு விதிக்கும் மின், பேக்கிங், கணினி என்று ஒரு பிரிவுக் குறி. குறியைப் பார்த்து உரிய ஆளுக்குப் போகும். இயல்பான அமைப்பில் முதல் சேதிக்கு முன் அரை நிமிடம் காத்திருந்து தொகுக்கும், தீராத கோளாறை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டும், இரண்டையும் மாற்றவில்லை. அடக்கு விதி ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும்: பேக்கிங் தள சுவிட்ச் செத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கணினிகளைப் பற்றிய சேதிகள் எதுவும் வரக்கூடாது, சுவிட்ச்சைப் பற்றி மட்டும் வர வேண்டும். சேதி போகும் நேரத்துக்கு அட்டவணை போடுபவர்கள் கவனிக்க: அது இயல்பாக யூடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கு. இடத்தை ஆசியா/கொல்கத்தா என்று கொடுக்காவிட்டால் எல்லாம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும்.

லேபிள் ஓடுகிறதா என்று லேபிளையே கேட்பது

செயலி, நினைவகம், டிஸ்க், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இணைப்புகள் எல்லாம் பச்சையாக இருந்து, பேக்கிங்கில் லேபிள் மட்டும் வராமல் போகும் வழிகள் பல. அச்சுப்பொறி வரிசை சிக்கிக்கொள்ளலாம், எடை இயந்திரக் கம்பி கழன்றிருக்கலாம், தரவுத்தளத்தில் ஒரு பூட்டு விடுபடாமல் நிற்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதி மாளாது. தரவுத்தளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கடைசிப் பெட்டி பதிவாகி எத்தனை நிமிடம் ஆகிறது?

மில் ஓடும் நேரத்தில் இருபது நிமிடமாகப் பெட்டி பதிவாகவில்லை என்றால் எங்கோ கோளாறு; எங்கே என்று தெரியாவிட்டாலும் கோளாறு உறுதி. ஷிப்ட் மாறும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் இடைவெளி வருவது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது, அந்த நேரங்களை விலக்கினேன். மில் விடுமுறை என்றால் மேஸ்திரி கேபினில் இருக்கும் சாவியைத் திருப்பிவிட்டால் போதும், இந்த விதி உறங்கும். இந்தச் சேதி முதலில் போவது மேஸ்திரிக்கு: "20 நிமிடமாக லேபிள் இல்லை. பேக்கிங் பார்க்கவும்." பாதி நேரம் அவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருக்கும்: கோன் வரத்து குறைவு, பெட்டி தீர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிடுவார். தெரியாதபோது எங்களைக் கூப்பிடுவார். வேறெந்த அளவையும்விட இந்த ஒன்று எங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது. கண்காணிப்பு அமைக்க நினைப்பவர்கள் இதைப் போன்ற ஒரு கேள்வியைத் தங்கள் இடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகு செயலி வரைபடங்களுக்குப் போகலாம் என்பது என் உறுதியான கருத்து.

கண்காணிக்கும் கணினியே செத்தால்? எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு பொய் எச்சரிக்கையை வைத்து, அதை மில்லுக்கு வெளியே வாடகைக்கு எடுத்த சிறு சர்வருக்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறோம். அங்கே அது வராமல் நின்றால் வெளிச்சர்வர் எங்கள் போனுக்குச் சொல்லும். இணையக் கருவியும் முதன்மைச் சுவிட்ச்சும் யூபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். எங்களிடம் இணையக் கருவி சாதாரண பிளக்கில் இருந்தது, ஈபி போனால் முதலில் அதுதான் வாயை மூடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஹூட்டரை ஒருமுறை அடித்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

மாதம் ஒருமுறை, எரிந்த எச்சரிக்கைகளின் பட்டியலை ப்ரொமீதியஸிலிருந்தே எடுத்துக்கொண்டு எலக்ட்ரிகல், பேக்கிங் ஆட்களோடு உட்காருகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது வந்தபோது யாராவது ஏதாவது செய்தார்களா? செய்யவில்லை என்றால் அந்த விதி நீக்கப்படும், அல்லது காலைப் பட்டியலுக்கு இறங்கும். செயலி 90 சதவீதம் என்ற விதி முதலில் போனது. மாதக் கடைசியில் அறிக்கை ஓடினால் அப்படித்தான் இருக்கும். எவ்வளவு வேலை வரிசையில் நிற்கிறது என்று காட்டும் லோட் ஆவரேஜ் விதியும் போனது. லினக்ஸில் அந்த எண்ணில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் செயல்களும் சேர்வதால், பேக்கப் நேரத்தில் செயலி சும்மா இருக்கும்போதே எண் உச்சத்துக்குப் போகும். காலி நினைவகம் குறைவு என்ற விதியை, லினக்ஸின் மையமான கர்னல் கணித்துத் தரும் பயன்படுத்தத் தக்க நினைவக அளவுக்கு மாற்றினேன். காலியாகத் தெரியாத நினைவகத்தில் பெரும்பகுதி கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும் கோப்புத் தற்காலிகச் சேமிப்புதான். விதிகள் குறையக் குறைய, விளக்கு எரிந்தால் ஆட்கள் ஓடிவருவது கூடியது.

போன கோடையில் ஒரு பின்னிரவில் ஈபி வந்துவந்து போனது, ஏசி இரண்டும் நின்றுவிட்டன. கணிப்பு விதி சேதி அனுப்பியபோது அறை 27க்கும் கீழே. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஸ்டெபிலைசரைப் பார்த்து, ஓர் ஏசியை மட்டும் நேரடி லைனில் ஓடவைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தியிருந்தார். எங்கள் போன் அடிக்கவே இல்லை. காலையில் வரைபடத்தில் 28 வரை ஏறி இறங்கிய ஒரு சிறு மேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இப்போது மில் மேலாளர் ரிங் பிரேம் தளத்தின் ஈரப்பதத்தையும் இதிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறார். ஈரப்பதம் இறங்கினால் நூல் அறுப்பு கூடும். அங்கே ஈரக்காற்று ஆலை இருக்கிறது, ஆனால் தளத்தில் மணிக்கொருமுறை ஆள் போய்த்தான் அளவு எழுதுகிறார். சிக்கல் உணரியில்தான்: திறந்த தலையுள்ள ஈரப்பத உணரியைப் பஞ்சு சீக்கிரமே மூடிவிடும். வடிகட்டி மூடி போட்ட எஸ்எச்டி31 உணரி ஒன்றை வாங்கி, கையால் எழுதும் ஈரமானிக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டின் அளவும் எவ்வளவு காலம் ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே அதற்கு விதி எழுதுவதாக இருக்கிறேன்.